புளி போட்டுத் துலக்கிய கண்ணாடி

ஓட்டல்களில் பாத்திரம் கழுவும் மிஷின் மாட்டுவது என் தொழில். கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி கேன்டீன், பெரிய ஓட்டல், சின்ன ஓட்டல் என்று நூற்றுக்கு மேல் மாட்டியிருப்பேன். மாட்டிய மறுவாரமே மறந்துவிடுவேன். பட்டிபுலத்தில் மாட்டிய இரண்டை மட்டும் மறக்க முடியவில்லை. அதற்கும் மிஷின் காரணம் இல்லை, அதை ஓட்டிய வேண்டாதான் காரணம்.

அவளை முதலில் பார்த்தது 2006இல், பொங்கல் கழிந்த வாரம். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து, அங்கிருந்து ஈ.சி.ஆர். பஸ் பிடித்து, இறங்கி வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது, கட்டிக்கொண்டிருந்த ஓட்டலில் மதியச் சாப்பாட்டு நேரம். கலவை போடுகிறவர்கள் ஒரு பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி இரண்டு பெண்கள். ஓட்டல் திறந்ததும் பாத்திரம் கழுவும் வேலைக்கு என்று பேசி வைத்து, அதுவரை கட்டடத்தைக் கூட்டிப் பெருக்க அழைத்திருந்தார்கள். அதில் மூத்தவள், நாற்பது வயதிருக்கும், தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா, வெள்ளக்காரன் ஸ்டைல் ஓட்டல்னு சொன்னாங்க. தொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்பூன்ல பழகுறீங்களா?"

அவள் ஸ்பூனைச் சட்டிக்குள் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து, வெடித்து, உள்ளே சிவப்புத் தெரிந்தது. நகங்கள் மஞ்சளாகி விளிம்பில் தூக்கிக்கொண்டிருந்தன. உள்ளங்கையில் ரேகை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"கொயம்பு பட்டா நெருப்பா எரியுது நைனா. சோத்தக் கையால தொட்டு எட்டு வருசமாச்சி."

பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். "கல்யாண வூட்டுக்குப் போனாக்கூட அண்ணி ஸ்பூன இடுப்புல சொருவிகினுதான் வரும். பந்தில அல்லாரும் அந்த ஸ்பூனையே பாப்பாங்க. அதனால இப்பல்லாம் கல்யாணத்துக்கே வர்றதில்ல."

கேலி செய்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அளவெடுக்கப் போய்விட்டேன்.

வேண்டா பிறந்தது கேளம்பாக்கம் உப்பளத்துப் பக்கம். அப்பா அம்மா இருவரும் உப்பு வாரினவர்கள். நான்காவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரிவிப்பதற்காக அந்தப் பெயரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாமி காதில் வாங்கவில்லை, அடுத்ததும் பெண்தான் பிறந்தது. பத்தொன்பது வயதில் திருவிடந்தையில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் மீன்பாடி வண்டி ஓட்டினான். ஆறு வருடம் குடித்தனம் நடத்தினான். பிள்ளை இல்லை என்று காரணம் சொல்லிவிட்டு, கூவத்தூர் பக்கம் இன்னொருத்தியோடு போய்விட்டான். கட்டடத்தில் வேண்டாவின் பக்கத்தில் இருந்தவள் அவன் தங்கை, தனகோடி. அண்ணனோடு பேச்சை அறுத்துக்கொண்டு அண்ணியோடேயே தங்கிவிட்டாள். ஒரு நாத்தனார் இப்படிச் செய்து நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

1991 முதல் இரண்டு பேரும் மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஓட்டல்களில் பாத்திரம் கழுவினார்கள். ஓட்டலின் முன்பக்கம் மூங்கில் விளக்கும் மேசைத் துணியுமாக இருக்கும். பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும். அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வறுத்த இறாலின் எண்ணெயும் நண்டின் மசாலாவும் ஒட்டிய தட்டுகளைச் சோடா கலந்த பவுடர் போட்டு மதியம் முதல் கடை அடைக்கும்வரை தேய்க்க வேண்டும். ஏழாவது வருடம் வேண்டாவின் விரல் இடுக்குகள் வெடித்தன. ரப்பர் உறை போட்டுப் பார்த்தாள். உள்ளே வேர்த்துப் புண் பெரிதானது, தட்டு வழுக்கி உடைந்தது, உறை போனது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று மாதம் கையில் தண்ணீரே படக்கூடாது என்று சொல்லி ஆயின்மெண்ட் கொடுத்தார்கள்.

"தண்ணில கைய வெச்சாத்தான் எனக்குச் சோறுன்னேன். டாக்டரு சிரிச்சிட்டாரு," என்று சொன்னாள். அவள் சிரிக்கவில்லை.

பட்டிபுலத்து ஓட்டலின் முதலாளி கிருஷ்ணபிரசாத். ஸ்வீடனில் எட்டு வருடம் சாப்ட்வேர் வேலை பார்த்துத் திரும்பியவர். நல்ல மனுஷன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் அவரைத் திட்ட வேண்டாம். சிறுசேரியில் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். சனி ஞாயிறுகளில் ஈ.சி.ஆரில் காரை ஓட்டிக்கொண்டு வரும் கூட்டத்துக்கு ஸ்வீடன் சாப்பாட்டைப் போட வேண்டும் என்பது அவருக்கும் அவர் மனைவி அதிதிக்கும் ஆசை. வெள்ளைச் சுவர். வெளிறிய மரத்தில் மேசை. சுவரில் ஒரு படம் கிடையாது, மேசையில் ஒரு பூ கிடையாது. தட்டெல்லாம் வெள்ளை. புகை காட்டிய மீன், அவித்த உருளைக்கிழங்கு, மேலே சதகுப்பை இலை. மஞ்சள்தூளையே காணாத சமையல். எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வந்தது, ஆனால் ஆர்டர் கொடுப்பவரிடம் அதைச் சொல்வார்களா? திருவிடந்தைக்காரர்கள் அந்த இடத்துக்கு வெள்ளை வூடு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"அங்க ஒரு சின்ன காபிக் கடையில கூட மிஷின்தான் கழுவும், சுப்புராமன். கையால கழுவின கிளாஸ் எனக்கு வேண்டாம். வெளிச்சத்துல பிடிச்சா ஒண்ணுமே தெரியக் கூடாது," என்றார் கிருஷ்ணபிரசாத்.

அவர் சொன்னபடி எல்லாம் வரைந்து கொடுத்தேன். தட்டுக்கு ஒரு பெரிய மிஷின், மூடியைக் கீழே இழுத்தால் தானாக ஓடும். கண்ணாடித் தம்ளருக்கு மேசைக்கு அடியில் ஒரு சின்ன மிஷின். அழுக்குத் தட்டு இடது பக்கம் வந்து, எச்சிலை வழித்து, கூடையில் அடுக்கி, மிஷினுக்குள் போய், வலது பக்கம் சுத்தமாக வெளியே வரவேண்டும். அழுக்கும் சுத்தமும் ஒன்றையொன்று எங்கும் தாண்டக் கூடாது. சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் வைத்திருந்தார், வாடிக்கையாளர் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று. பட்டியலின் கடைசி ஐட்டத்தில் மட்டும் அவர் விரல் நின்றது.

"இது என்ன சிலிண்டர்?"

"தண்ணியை மென்மையாக்குறது சார். இந்தப் பக்கத்து போர் தண்ணி ரொம்பக் கடினம். கண்ணாடியில வெள்ளையாப் படியும், மிஷினுக்குள்ளேயும் படியும்."

"நான் டேங்கர் தண்ணிதானே வாங்கப் போறேன். அது நல்ல தண்ணி இல்லையா?"

"நல்ல தண்ணிதான் சார்."

"அப்ப இது எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டு?" என்று பேனாவால் ஒரு கோடு போட்டார்.

கோடை வந்தால் இந்தப் பக்கம் டேங்கர் வராது என்பது எனக்குத் தெரியும். செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தச் சிலிண்டர் மாதம் ஒரு மூட்டை கல்லுப்பைத் தின்றுவிட்டு, தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும், அது இல்லாவிட்டால் மிஷின் ஒரு வருடம் தாங்காது என்றும் தெரியும். ஆனால் மூன்று மாதமாக ஆர்டர் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தேன். இன்னும் ஒரு வார்த்தை கூடப் பேசினால் மனுஷன் யோசிக்கப் போய்விடுவார் என்று பயந்து, தலையை ஆட்டினேன்.

மார்ச்சில் மிஷின்கள் வந்து இறங்கின. ஆபரேட்டராக ஒருவரைப் பழக்க வேண்டும். வேண்டாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடவை காட்டினால் போதும். எந்தப் பொத்தான், எந்த விளக்கு, சூடு ஏறாமல் ஓட்டக் கூடாது என்பதெல்லாம் அரை நாளில் பிடித்துக்கொண்டாள். முதல் கூடை வெளியே வந்ததும் ஒரு தம்ளரை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடாக, காய்ந்து போய் இருந்தது.

"இதுல என் கை எங்க நனையிது?"

"நனையாதுக்கா. எச்சிலைக் கரண்டியால வழிக்கறது, கூடையைத் தள்றது, அவ்வளவுதான்."

"அப்ப ஆறிடுமா?"

"ஆறணும்," என்றேன். பெரிய டாக்டர் மாதிரி.

அதிதி அவளுக்கு ஒரு நீலச் சட்டையும் பெயர் பொறித்த பட்டையும் கொடுத்தாள். வேண்டா, ஆபரேட்டர். புடவைக்கு மேல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தனகோடியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். தனகோடி எட்டாவது வரை படித்தவள். அவளுக்கு எச்சில் வழிக்கிற வேலை. நான் டேங்கர் தண்ணீரில் மிஷினை ஓட்டி, தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, கிருஷ்ணபிரசாத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

ஏப்ரல் கடைசியில் சர்வீஸுக்குப் போனேன். வேலை ஆட்களின் சாப்பாட்டு நேரம். உள்ளே இருந்த வேண்டாவை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரசம் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிறவர்களைப் பார்க்கக் கூடாது என்பார்கள், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். விரல்களைச் சேர்த்து, சோற்றை அள்ளி, ரசம் மணிக்கட்டு வரை வழிய, அதையும் விடாமல் வழித்துச் சாப்பிட்டாள். என்னைப் பார்த்ததும் எச்சில் கையைத் தூக்கிக் காட்டினாள். தோல் மூடியிருந்தது. புதுத்தோல், இளஞ்சிவப்பாக.

"எரியல நைனா. ரசம் எம்மாஞ் சூடுன்னு வெரலுக்குத் தெரியுது. வாய்க்குத் தெரியறதுக்கு முன்னாடி வெரலுக்குத் தெரியுது பாரு."

தொழிலுக்கு வந்து அன்று ஒரு நாள்தான் நான் ஏதோ உருப்படியாகச் செய்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் திரும்பும்போது கண் கலங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் டேங்கர்கள் எல்லாம் கேளம்பாக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. வெள்ளை வூட்டுக்குச் சமைக்கவும் குடிக்கவும் மட்டும் நல்ல தண்ணீர் வந்தது. மிஷினுக்கு போர் தண்ணீரைத் திருப்பிவிட்டார் மேனேஜர். கிருஷ்ணபிரசாத்திடம் அதைப் பெரிய விஷயமாக யாரும் சொல்லவில்லை. நான்கே நாளில் தம்ளர்கள் புகை பிடித்த மாதிரி வெளுத்தன. இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் நேரில் பார்த்ததில்லை, தனகோடி பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டது.

அதிதி ஒரு தம்ளரைக் கடல் பக்கத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். "இதுக்கு மிஷின் எதுக்கு? கைல கழுவினதே தேவலைன்னு அவர் திருப்பி அனுப்பிடப் போறார்," என்று யாரிடமோ அலுத்துக்கொண்டிருக்கிறாள். அது வேண்டா காதில் விழுந்தது. அதிதி மறுநிமிடம் அதை மறந்திருப்பாள். வேண்டாவால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை. மிஷின் போனால் மறுபடியும் தொட்டி. தொட்டி என்றால் மறுபடியும் ஸ்பூன்.

மறுநாள் அவள் முந்தானையில் ஒரு உருண்டை புளியை முடிந்துகொண்டு வந்தாள். பித்தளைக் குடத்தில் பச்சை பிடித்தால் புளி போட்டுத் தேய்ப்பதில்லையா, அதே யோசனை. புளியைக் கரைத்து அதில் தம்ளரை ஊறவைத்துத் தேய்த்தாள். வெள்ளை போய்விட்டது. அவள் செய்தது தப்பில்லை. அந்தச் சுண்ணாம்பைப் புளிப்புதான் கரைக்கும். எங்கள் கம்பெனியே அதற்கு ஒரு புளிப்பு மருந்தைப் பாட்டிலில் அடைத்து விற்கிறது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் மற்றவர்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவார்கள். முந்தின நாள் மிஷினில் ஓடிய தம்ளர்களை எல்லாம் எடுத்து, புளித்தண்ணீரில் தேய்த்து, குடிக்கிற தண்ணீரில் அலசி, பழைய நூல் புடவையால் துடைத்து, கூடையில் அடுக்கி, மிஷினிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி வலது பக்கத்து மேசையில் வைத்துவிடுவார்கள். சனி ஞாயிறுகளில் இருநூறு தம்ளர். மிஷினுக்குள் தண்ணீர் பீய்ச்சும் குழாய்களையும் கழற்றிப் புளி போட்டாள். ஆறிக்கொண்டிருந்த கையில் புளித்தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கை நனையாத வேலையைக் காப்பாற்றுவதற்காக, கழுவ வேண்டாத கண்ணாடியைக் கையால் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் போனேன். மிஷினின் கதவைத் திறந்ததும் புளி வாசனை. மிஷினுக்குள் எனக்கு எந்த வாசனையும் தெரியும், புளி மட்டும் புதிது. தண்ணீரைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. சூடாக்கும் கம்பி மேல் சுண்ணாம்பு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அதைப் புளியால் எட்ட முடியாது. நான் நிமிர்ந்தபோது வேண்டா கையைச் சட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கையைக் காட்டுங்கக்கா."

காட்டவில்லை. "சொல்லாத நைனா. கிளாசு சுத்தமாத்தான கீது? அம்மாவுக்குத் தெரிஞ்சா மிசின அனுப்பிச்சிடும். நான் தொட்டிக்குப் போவணும்."

"இப்பவும் தொட்டி வேலைதானே செய்யறீங்க?"

"காலைல ரெண்டு மணி நேரந்தான. அப்புறம் நாளெல்லாம் கை காயிது. தொட்டின்னா நாள் பூரா." யோசித்து வைத்த கணக்கு அது. "தண்ணி நல்லா வந்துட்டா இந்த பேஜாரு தானா பூடும். மய வரட்டும்."

மழை வந்தால் போர் தண்ணீர் மாறிவிடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் கிருஷ்ணபிரசாத் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய், சார், அந்தச் சிலிண்டர் போடணும், இல்லைன்னா மிஷின் போயிடும் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். டேங்கர் தண்ணீரில் ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கினாயா என்று என் கம்பெனி கேட்கும். வேண்டா கெஞ்சினாள் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டேன் என்று நீண்ட நாள் என்னையே நம்பவைத்திருந்தேன். அது பொய். அவள் கெஞ்சியது எனக்கு வசதியாகப் போயிற்று. ரிப்போர்ட்டில் இயந்திரம் திருப்தியாக இயங்குகிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பரில் கிருஷ்ணபிரசாத் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "கிளாஸ் எல்லாம் அங்க பார்த்த மாதிரியே வருது சுப்புராமன். மிஷின் இவ்வளவு நல்லா வேலை செய்யறப்ப ரெண்டு பேருக்கு அங்க வேலையே இல்ல. அந்த தனகோடியை நிறுத்திட்டேன். வேண்டா ஒருத்தியே போதும்." அதைக் கடிதமாகவும் எழுதி அனுப்பினார். எங்கள் கம்பெனியின் கிண்டி ஆபீஸில் மீட்டிங்கில் அதை வாசித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன், அடக்கமானவன் என்று நினைத்திருப்பார்கள்.

தனகோடிக்கு யார் மேல் கோபம் வரும்? "நீ தொலக்கித் தொலக்கித்தான் அண்ணி என் பொயப்ப தொலச்ச," என்றாளாம். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடு, என் வேலை திரும்பக் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாள். வேண்டா முடியாது என்றிருக்கிறாள். பதினைந்து வருடம் ஒரே அடுப்பில் சமைத்த இரண்டு பேர், ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டார்கள். காலையில் வேண்டா இப்போது மூன்று மணி நேரம் முன்னதாகப் போனாள், தனியாக.

நவம்பரில் வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி வந்தது. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் சொருகிக்கொண்டு வேலைக்குப் போனாள். பழத்தோடு புளித்தண்ணீரில் கை விட்டாள். பத்து நாளில் நடு விரலுக்கும் பரவியது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரோ, அந்தப் பெண்மணி விரலில் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டார்கள். அதிதி உள்ளே போய்ப் பார்த்துப் பதறிவிட்டாள். ஆறின பிறகு வாங்க, சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று சொல்லி, காரில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். நீலச் சட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள், புதிதாக வரும் ஜெசிந்தா போட்டுக்கொள்ள. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வேண்டாவுக்குச் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஜனவரியில் மிஷின் நின்றுவிட்டது என்று போன் வந்து போனேன். வேண்டா வேலையை விட்டுப் போன வாரத்திலிருந்தே தம்ளர்கள் வெளுத்ததாகவும், ஜெசிந்தாவுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்ததாகவும் கிருஷ்ணபிரசாத் சொன்னார். திறந்து பார்த்தேன். சூடாக்கும் கம்பி சுண்ணாம்புக்குள் வெந்து வெடித்திருந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை. போர் தண்ணீரையும், புளியையும், காலை இரண்டு மணி நேரத்தையும், ஆகஸ்டில் நான் எழுதிய ரிப்போர்ட்டையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே போட்டிருப்பேனே, சுப்புராமன். ஒரு சிலிண்டர்தானே?" என்றார்.

மறுவாரம் சிலிண்டரும் புதுக் கம்பியும் போட்டேன். கேளம்பாக்கத்திலிருந்து ஒரு மூட்டை கல்லுப்பு வந்தது. அவிழ்த்து உள்ளே கொட்டும்போது, வேண்டா இதை வாரின குடும்பத்துப் பெண் என்ற நினைப்பு வந்தது. ஜெசிந்தா ஒரு கூடையை உள்ளே தள்ளி, இரண்டு நிமிடத்தில் வெளியே எடுத்தாள். தம்ளரில் ஒன்றுமே தெரியவில்லை, கடல்தான் தெரிந்தது. கிருஷ்ணபிரசாத் அதை வாங்கிப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

அன்று மதியமே திருவிடந்தைக்குப் போய் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஓட்டு வீடு. உள்ளே ஒரு அடுப்புதான் எரிந்துகொண்டிருந்தது. தனகோடி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வூட்டிலிருந்து திரும்பக் கூப்பிட்டும் அவள் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. வேண்டா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டு. நடுவில் பள்ளமாக இருந்தது.

"வா நைனா. மிசினு ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"கிளாசு?"

"சுத்தமா வருது."

"தொடைக்காமயேவா?"

"தொடைக்காமயே. தண்ணிக்கு ஒரு சிலிண்டர் மாட்டியாச்சு. உப்புப் போட்டா அது தண்ணியைச் சரி பண்ணிடும்."

"உப்பா?" என்றாள். "நம்ம உப்பா?"

"ஆமாக்கா. கேளம்பாக்கத்து உப்புதான்."

தனகோடி அவள் முன்னால் தட்டை வைத்தாள். வேண்டா தட்டைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"அந்த சிலிண்டர முன்னாடியே கேட்டிருந்தா, அவரு மாட்டிருப்பாரா நைனா?"

மறுநாளே போட்டிருப்பேனே என்ற குரல் என் காதிலேயே இருந்தது. தனகோடி கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"மாட்டியிருக்க மாட்டாருக்கா. மிஷினைத்தான் திருப்பி அனுப்பியிருப்பாரு," என்றேன்.

வேண்டா மூச்சை விட்டாள். "அதான். இவ கைல எத்தினி வாட்டி சொன்னேன். சொல்லாம வுட்டதுதான் சரி. நீயும் சொல்லாம வுட்டியே, நல்லதாப் போச்சி."

இடது கையால் ஸ்பூனை எடுத்துக்கொண்டாள். தனகோடி என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி வைத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். குழம்பு நல்ல சூடு. விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. நான் பிசைந்து சாப்பிட்டு முடிக்கும்வரை வேண்டா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.